அரைத்தாளில் ஒரு வீரன்

பத்துப் பக்கம் எழுதி முடித்த பின்னரே பந்தைக் காலால் தொடலாம் என்று ஒரு விதி இருக்குமாயின், நம் ஊர்ப் பிள்ளைகளுள் எத்தனை பேர் மைதானத்துக்குச் செல்வர்? அத்தகைய விதியொன்றை வாயிலில் நிறுத்தி வைத்துக்கொண்டு, உள்ளே மிக அழகியதோர் ஆட்டத்தை நடத்துகின்ற விளையாட்டு ஒன்று உண்டு. அதனைப் பற்றியே இன்று எழுதப் புகுகின்றேன். தமிழ்ப் பண்டிதனுக்கு இதில் என்ன வேலை என்று வினவும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள்க. ஒருவன் தானல்லாத பிறிதொருவனாக நின்று பேசுதல் நாடகத்தின் பாற்பட்டது. நாடகமோ முத்தமிழுள் ஒன்று. அவ்வழியாக நோக்கின், எனக்கு இதில் வேலை உண்டு என்றே கருதுகின்றேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1974 ஆம் ஆண்டு கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரில் இவ்விளையாட்டை மூன்று சிறு நூல்களாக வெளியிட்டனர். ‘நிலவறைகளும் பறவைநாகங்களும்’ என்று அப்பெயரைத் தமிழாக்கலாம். மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் கதையிலுள்ள ஒவ்வொரு பாத்திரமாக நின்று, ‘நான் கதவைத் திறக்கிறேன்’ என்றும் ‘நான் விளக்கை அணைக்கிறேன்’ என்றும் சொல்வர். சொன்ன செயல் பலித்ததா என்பதைத் தாயக்கட்டை தீர்மானிக்கும். வென்றவர் தோற்றவர் என்ற இறுதிக் கணக்கு இல்லை. கதை வளர்வதே ஆட்டம். மேடையில்லை, உடுப்பில்லை, பார்ப்போரும் இல்லை. மேசையின் மீது ஆடுகின்ற கூத்து என்று என் மாணாக்கருக்கு விளக்கினேன். அவர்கள் அதனை ‘மேசைக்கூத்து’ என்று சுருக்கிக்கொண்டனர். நானும் அப்பெயரையே ஈண்டு ஆள்கின்றேன்.

இது தண்ணீரூற்றுக்கு வந்த வழி எளியது. எங்கள் ஊரில் எது புதிதாக வந்தாலும் இப்பொழுதெல்லாம் கனடாவிலிருந்துதான் வருகின்றது. என் பழைய மாணாக்கர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது தடித்ததொரு விதிநூலையும், நான்கு முகம் முதல் இருபது முகம் வரையுள்ள விசித்திரமான கட்டைகளையும் கொணர்ந்து, பிள்ளைகளுக்குப் பழக்குங்கள் ஐயா என்று தந்து சென்றார். நூல் ஆங்கிலத்திலானது. ஆங்கில ஆசிரியை ஒருவரின் துணையோடு இரண்டு வாரம் அதனுடன் மல்லாடினேன். தொல்காப்பியச் சேனாவரையத்தை முதன்முதல் விரித்த நாளில் எனக்கிருந்த மலைப்பே மீண்டும் உண்டாயிற்று.

வாசகர்கள் அம்மலைப்பின் அளவை அறிய வேண்டும். நான் கண்டது 2014 ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு. (2024 இல் அதனைத் திருத்தியும் வெளியிட்டுவிட்டனர்.) ஆட வருபவன் முதலில் தன் பாத்திரத்தைப் படைத்தல் வேண்டும். அதற்கு 12 தொழில்களுள் ஒன்றைத் தெரிதல் வேண்டும். 9 குலங்களுள் ஒன்றைத் தெரிதல் வேண்டும். 13 வகை வாழ்க்கைப் பின்னணிகளுள் ஒன்றைத் தெரிதல் வேண்டும். கணித ஆசிரியர் ஒருவர் பெருக்கிப் பார்த்து, இம்மூன்றில் மட்டும் 1,404 வழிகள் என்றார். அதன்பின் ஆறு ஆற்றல்களுக்கு எண் இடவேண்டும். 18 திறன்களுள் தனக்குரியவற்றைக் குறிக்க வேண்டும். ஆயுதம், கவசம், மூட்டைமுடிச்சு, மந்திரம் என்பவற்றை நிரல்படுத்த வேண்டும். இவையெல்லாம் முடிந்த பின்னர், பாத்திரத்தின் இயல்பு, இலட்சியம், பற்று, குறை என நான்கு வரி எழுத வேண்டும். ஆட்டம் இன்னதென்றே அறியாத பதின்மூன்று வயதுப் பிள்ளை, தான் ஒருபோதும் பார்த்திராத உலகத்தில், தான் யார் என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டுமாம்! எழுவர் வந்திருந்தனர். ஒரு சனிக்கிழமை முற்பகல் முழுவதும் தாள் நிரப்புவதிலேயே கழிந்தது. ‘எல்வ்’ என்பவர் நீண்ட செவியுடைய வனவாசிகள் என்று நான் விளக்கியபோது, “முயலோ ஐயா?” என்று ஒருவன் கேட்டான். அவனும் அவன் தோழனும் அடுத்த வாரம் வரவில்லை. ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்கள் என்று கேள்வி.

இவ்விளையாட்டு பிறந்தபோது இத்துணைப் பாரம் அதன் தலையில் இருக்கவில்லை. 1974 இன் நூலில் தொழில்கள் மூன்றே: போர்மறவன், மந்திரவாதி, பூசகன். ஆறுமுகக் கட்டை மூன்றை உருட்டி, விழுந்ததைக் கூட்டி, வலிமை, மதிநுட்பம், ஞானம், உடற்றிண்மை, கைவன்மை, கவர்ச்சி என்னும் ஆறுக்கும் வரிசையாக எழுதிவிடுவர். கூட்டுத்தொகை 3 முதல் 18 வரை வரலாம். கட்டைகள் விழக்கூடிய வகை 216. அவற்றுள் 18 தருவது ஒன்றே ஒன்று. 10 ஐத் தருவன 27, 11 ஐத் தருவன 27. ஆகவே பெரும்பாலோர் நடுத்தரத்தினராகவே பிறப்பர், நம்மைப்போல. விழுந்ததைப் பார்த்துத் தொழிலைத் தெரிந்துகொண்டு உள்ளே நுழைய வேண்டியதே. பாத்திரங்கள் அடிக்கடி மாண்டு போயின. ஆதலால் இன்னொன்றை விரைந்து படைக்கும் வழி இன்றியமையாததாயிற்று. காலம் செல்லச் செல்ல, ஆடித் தேர்ந்தவர்களுக்கு அது போதவில்லை. சூத்திரத்துக்கு உரை, உரைக்கு விளக்கம், விளக்கத்துக்கு மறுப்பு என்று நம்மவர் அடுக்கியவாறே அவர்களும் அடுக்கினர். 1977 இல் வெளிவந்த ‘டிராவலர்’ என்னும் விண்வெளி ஆட்டத்திலே, பாத்திரத்தின் முன்வாழ்வைக் கட்டையுருட்டிப் படைத்துக்கொண்டிருக்கும்போதே அப்பாத்திரம் இறந்துபோதலும் கூடும். பிறக்குமுன் இறக்கும் வீரனை வேறெந்த இலக்கியத்திலும் நான் கண்டதில்லை.

தொடக்கத்தார் படும் இடர் அமெரிக்கருக்கும் விரைவிலேயே புலப்பட்டது. எரிக் ஹோம்ஸ் என்னும் நரம்பியல் மருத்துவப் பேராசிரியர் 1977 இல் முதல் மூன்று படிநிலைகளுக்கு மட்டும் உரிய எளிய நூலொன்றைத் தொகுத்தார். 1981 இல் டொம் மோல்ட்வே என்பவர் அதனை 64 பக்கங்களில் மேலும் தெளிவாக்கினார். எனினும் இவ்விருவரும் பாத்திரம் படைத்தலையே வாயிலில் வைத்தனர். 1983 இல் பிராங்க் மென்ட்சர் என்பார் செய்ததுதான் உண்மையான திருப்பம். அவருடைய நூலைத் திறந்தவுடன் கதை தொடங்கிவிடும். வாசிப்பவனே போர்மறவன். ஒரு குகைக்குப் போகின்றான். அவன் வலிமை இவ்வளவு என்பதும், அவ்வெண் எதற்குப் பயன்படும் என்பதும், அவன் போகின்ற வழியிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லப்படும். குகையில் ஒரு பூசகியைச் சந்திக்கின்றான். அவளை ஒரு கொடிய மந்திரவாதி கொன்றுவிடுகின்றான். அந்த மரணத்துக்காக இன்றும் வருந்துகின்ற நரைத்த தலையினர் அமெரிக்காவில் பலர் உளராம். இவ்வாறு ஒருமுறை ஆடி முடிந்த பின்னரே, உனக்கென ஒரு பாத்திரத்தைப் படைத்துக்கொள் என்று நூல் சொல்லும். ஆட்டம் முன், தாள் பின்.

இதனைப் படித்தபோது நான் வியக்கவில்லை, மகிழ்ந்தேன். ஏனெனின் இவ்வொழுங்கு நமக்குப் பழையது. பவணந்தியின் நன்னூலைச் சூத்திரமாகக் கொடுத்தால் சிறுவன் ஓடிவிடுவான் என்பதை உணர்ந்தே நல்லைநகர் ஆறுமுக நாவலர் இலக்கணத்தை உரைநடையிற் சுருக்கித் தந்தார். அதற்கும் முன்னே நிற்கும் பிள்ளைக்குப் பாலபாடங்களை இயற்றினார். சுருக்கினார் என்பதனால் நாவலரை எவரும் இலக்கணப் பகைவர் என்று ஏசவில்லை. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று படியமைத்து எம்மை ஏற்றிய பெரியோரும் அவ்வழியினரே. படியின்றி மெத்தைக்கு ஏறச் சொல்பவர் மெத்தையை உயர்த்தவில்லை, ஏறுவாரைக் குறைக்கின்றார்.

கூத்தை நோக்குவோம். எங்கள் ஊருக்கு அயலான முள்ளியவளைப் பகுதியிலே கோவலன் கூத்து வழிவழியாக ஆடப்பெற்று வந்தது. வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் நிழலில் வாழ்வோருக்கு அக்கதை வெறுங்கதையன்று. புதிதாக ஆட வருபவனை அண்ணாவியார் என்ன செய்வார்? உன் இலட்சியம் யாது என்று கேட்பாரா? கேட்கமாட்டார். பாடச் சொல்லிக் குரலைக் கேட்பார். நிற்கச் சொல்லி உடற்கட்டைப் பார்ப்பார். உனக்கு இந்தப் பாத்திரம் என்று சொல்லிவிடுவார். அவனுக்குரிய பாட்டையும் வசனத்தையும் மாத்திரம் பிரித்தெடுத்துக் கொடுப்பர். மட்டக்களப்பில் இதனைச் ‘சட்டங் கொடுத்தல்’ என்பர். முழு ஏட்டையும் அவன் தலையிற் சுமத்துவதில்லை. கதை முழுவதும் அவனுக்கு எங்கே விளங்கும் என்றால், மற்றவர்களோடு நின்று ஆடும் களரியில் விளங்கும். 

இன்னொன்றும் உண்டு. பாத்திரம் களரிக்கு வரும்போது ‘வரவு’ பாடப்பெறும். நான் இன்னான், இன்ன நாட்டினன், இன்னது கருதி வந்தேன் என்பது அப்போதுதான், சபை நடுவே, ஆட்டத்தோடு ஆட்டமாக அறிவிக்கப்படும். விதிநூல் பத்துப் பெட்டிகளில் கேட்பதை நம் கூத்து ஒரு வரவுப் பாட்டில் அடக்கியது. பாரம் தாங்காதவிடத்துப் பாத்திரத்தையே பகுத்துக் கொடுத்ததும் உண்டு: முன் கோவலன் ஒருவர், பின் கோவலன் ஒருவர். காத்தவராயன் கூத்திலும் அவ்வாறே. சிறுவனாகிய காத்தானைச் சிறுவன் ஒருவன் ஆட, வளர்ந்த காத்தானைப் பிறர் ஆடுவர். முதன்முதல் சலங்கை கட்டும் பிள்ளைக்கு இதைவிட இரக்கமான ஏற்பாடு வேறென்ன வேண்டும்?

அகப்பொருள் இலக்கணத்தையும் ஈண்டு நினைத்தல் தகும். அகத்திணையில் தலைவனுக்கும் தலைவிக்கும் இயற்பெயர் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த வரம்பு. தலைவி, தோழி, செவிலி, பாங்கன் என நிற்போரே பேசுவர். அவர்தம் குலமரபு, பிறந்த நாள், இழந்தவை எவையும் நமக்குத் தெரியா. தெரியாமலே அவர்களை இரண்டாயிரம் ஆண்டாக அறிவோம். ‘தோழி’ என்ற ஒரு சொல்லே அவள் என்ன சொல்வாள், என்ன சொல்லமாட்டாள் என்பதைப் பாதி உணர்த்திவிடும். ஆயத்தமாக வைக்கப்பெற்ற பாத்திரம் கற்பனையை அடைத்துவிடும் என்பார் குறுந்தொகையைப் புரட்டிப் பார்ப்பாராக. (பாத்திரம் என்ற சொல் சமையற்கலத்துக்கும் வழங்குதலை என் மாணாக்கன் ஒருவன் எடுத்துக்காட்டி, “நிரப்பிக்கொண்டா ஐயா கடையில் வாங்குகிறோம்?” என்று கேட்டான். அவனுக்கு அன்று முழுப் புள்ளி.)

இதுவரை கூறியது சோர்வைப் பற்றியது. தாள் நீண்டால் பிள்ளை சோர்வான், சுருக்கினால் ஆடுவான். அவ்வளவுதான் என்றால், இதனை வாரப் பதிப்பில் எழுதி வாசகரின் பொழுதைக் கொள்ளவேண்டியதில்லை. சோர்வினும் பெரியதொன்று இதில் இருக்கின்றது.

விதிநூல் தரும் தாளிலே ‘முற்கதை’ என்பதற்கு ஒரு பெரிய பெட்டி விடப்பட்டிருக்கும். எங்கிருந்து வந்தாய், உன் பெற்றோர் யாவர், வீட்டைவிட்டு ஏன் புறப்பட்டாய், எதை இழந்தாய் என்பன அதில் எழுதத் தக்கன. அமெரிக்க இளைஞன் ஒருவன், ‘என் ஊரை அரக்கர் எரித்தனர், பெற்றோரை இழந்தேன், காட்டில் வளர்ந்தேன்’ என்று ஐந்து நிமிடத்தில் எழுதிவிட்டுச் சிற்றுண்டிக்கு எழுந்து செல்வான். அஃது அவனுக்குப் புனைவு. முல்லைத்தீவு மாவட்டத்தில் அவ்வரி யாருக்குப் புனைவு? போர் 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் இம்மாவட்டத்தின் கரையிலே முடிந்தது. என் மேசையைச் சுற்றி இருக்கும் பிள்ளைகள் அதன் பின் பிறந்தவர்கள். ஆயினும் மாலையிட்ட படங்கள் தொங்கும் சுவரின் கீழே உறங்கி எழுபவர்கள். தண்ணீரூற்றில் வாழ்ந்த முஸ்லிம் மக்களோ 1990 ஒக்டோபரில், வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரோடும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டவர்கள். மீண்டு வந்தவர்களின் பேரன் ஒருவனும் அந்த மேசையில் இருக்கின்றான். எவருடைய முற்கதையில் எவர் இருக்கின்றார் என்பதைப் பிள்ளைகள் அறிவர். நாம் நினைப்பதைவிட நன்றாகவே அறிவர்.

அம்முதற் சனிக்கிழமையில் ஒரு மாணவி, ஒன்பதாம் வகுப்பிற் படிப்பவள், எல்லாப் பெட்டிகளையும் அழகிய கையெழுத்தில் நிரப்பினாள். ஆயுதங்களின் நிறை கூடத் தவறாமல் கூட்டியிருந்தாள். முற்கதைப் பெட்டியை மாத்திரம் அடிமட்டம் வைத்து, மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுத்து அடைத்துவிட்டாள். நான் காரணம் வினவவில்லை. தாளை வாங்கி மற்றத் தாள்களோடு வைத்தேன். அவளுக்குப் பக்கத்திலிருந்தவன் தன் பெட்டியில், ‘அப்பாவும் அம்மாவும் சுகமாக இருக்கிறார்கள்’ என்று ஒரே வரி எழுதியிருந்தான். தன் வீரனுக்கு அவன் கொடுத்த வரம் அது. அவ்வீட்டின் நிலைமையை அறிந்தவனாதலால் அவ்வரியை நான் உரக்க வாசிக்கவில்லை.

வேடம் என்பது எதற்காக? தன் முகத்தைச் சற்றுநேரம் கழற்றி வைப்பதற்காக. களரிக்கு வரும் வாயிலிலேயே, உன் முகத்தைத் துலக்கமாக வரைந்து காட்டிவிட்டு உள்ளே போ என்றால், வேடத்தின் பயன் அங்கேயே கெட்டுவிடுகின்றது. ஆகவே தொடக்கத்தாருக்குப் பாத்திரம் படைத்தலை எளிதாக்குவது கூட்டற் கழித்தலைக் குறைப்பதோடு முடிவதன்று. எதைக் கேட்பது, எதைக் கேளாது விடுவது என்பதே அதன் உயிர்நிலை. இப்பொழுது என்ன செய்யப் போகின்றாய் என்று கேட்கலாம். இதற்கு முன் யாராயிருந்தாய் என்பதை அவனே சொல்ல விரும்பும் நாள் வரும், வாராமலும் போகலாம்.

இவ்வெண்ணத்தால் எங்களுக்கென ஒரு தாளை அமைத்தோம். ஒற்றைக்கோட்டுக் கொப்பியின் தாளில் பாதி. அதிற் கேட்பன நான்கு: பெயர், தொழில், மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றின் அளவு, கையிலிருக்கும் பொருள் ஒன்று. கீழே மூன்று வெறுங்கோடுகள். அவை ஆட்டம் நடக்க நடக்க நிரம்ப வேண்டியவை. முதல்நாளில் அவற்றில் எழுதுவது தடை.

ஆறு ஆற்றல்களை மூன்றாக்கியது என் துணிவன்று. நம் முன்னோர் திரிகரணம் என்று வகுத்து வைத்ததே. சிந்திப்பது மனம், பேசி வெல்வது வாக்கு, ஓடுவதும் தூக்குவதும் அடிபடுவதும் காயம். ஞானத்துக்கும் மதிநுட்பத்துக்கும் வேறுபாடு யாது என்று ஆங்கில நூலை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் விளக்க வேண்டியிருந்த எனக்கு, இம்மூன்றை விளக்க அரை நிமிடமும் வேண்டியிருக்கவில்லை. பாட்டிமார் சொல்லிக் கேட்ட சொற்கள் அல்லவா?

இருபது முகக் கட்டைக்கு ஈடாகப் புளியங்கொட்டை கொண்டோம். ஒரு பக்கத்தைக் கல்லில் உரைத்தால் வெள்ளை காணும், மறுபக்கம் கறுப்பு. தாயம் ஆடிய எந்தக் கிழவியும் இதனை அறிவாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏழு விதை. அவற்றை மனம், வாக்கு, காயம் மூன்றுக்கும் அவன் பகிர்ந்து வைப்பான். ஒன்றுக்கேனும் ஒருவிதையும் இல்லாது விடலாகாது. பகிரும் வழிகள் மொத்தம் 15. முன் சொன்ன 1,404 எங்கே, இது எங்கே! ஆயினும் அப்பதினைந்தில் ஒன்றைத் தெரிய அவர்கள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். ஒருவன் ஐந்து விதையைக் காயத்தில் வைத்துவிட்டு, வாக்கில் எஞ்சிய ஒற்றை விதையைப் பார்த்து நெடுநேரம் யோசித்தான். “இவன் கதைக்கத் தெரியாதவன், என்ன ஐயா?” என்றான். பாத்திரம் அந்தக் கணத்தில் பிறந்துவிட்டது.

செயலைச் சோதிப்பதும் எளிது. பாறையைப் புரட்ட வேண்டுமாயின், காயத்தில் எத்தனை விதை உண்டோ அத்தனையையும் உருட்டுக. எளிய செயலுக்கு ஒரு வெள்ளை விழுந்தாற் போதும். அரிய செயலுக்கு இரண்டு வேண்டும். வெள்ளையும் கறுப்பும் ஒத்து விழும் எனக் கொண்டால், ஒற்றை விதையுடையவன் எளிய செயலிற் பாதிக்குப் பாதி வெல்வான். இரண்டு உடையவன் நான்கிற்கு மூன்று. மூன்று உடையவன் எட்டிற்கு ஏழு. அரிய செயலிலோ மூன்று விதை உடையவனுக்கும் பாதிதான். ஒற்றை விதைக்காரனுக்கு அரிய செயல் கைகூடவே மாட்டாது; அவன் துணை தேடவேண்டும். தனியே எல்லாம் வல்லவன் என்று ஒருவன் இல்லாதிருப்பது ஆட்டத்துக்கு மிக நல்லது. புளியங்கொட்டை சரிபாதியாக விழுவதில்லை என்று கணித ஆசிரியர் முறையிட்டார். கட்டைகளிலும் கள்ளக் கட்டைகள் உண்டே என்று சொல்லி அவரை அமைதிப்படுத்தினோம்.

தொழில்களை எங்கள் மண்ணிலிருந்தே எடுத்தோம்: வாள்வீரன், பரிகாரி, யானைப் பணிக்கன், தேன் எடுப்பவன், மந்திரவாதி, கட்டியகாரன் என ஆறு. போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாக இறுத்த வன்னிக்குப் பணிக்கன் புதியவனல்லன். தேன் எடுப்பவன் எந்த மரத்திலும் ஏறுவான். எந்தக் காட்டிலும் வழி தவறான். பரிகாரி நாளுக்கு ஒருமுறை ஒருவரின் காயத்தை ஆற்றுவான். கட்டியகாரனுக்கு நாங்கள் கொடுத்த சலுகையே எனக்கு மிகவும் பிடித்தது. எந்த அரசன் முன்னும் எதையும் சொல்லலாம், தண்டனை இல்லை. கூத்தில் அவனுக்குள்ள உரிமை அதுதானே! முன்னே நான் குறிப்பிட்ட மாணவி பணிக்கனைத் தெரிந்துகொண்டு, அதற்குப் பெண்பால் என்ன என்று வினவினாள். ‘பணிக்கர்’ என்று பலர்பாலிற் சொல்லிவிடு, உயர்வுப்பன்மையாகவும் ஆகட்டும் என்றேன். அன்றுமுதல் அவளை எல்லோரும் ‘பணிக்கர்’ என்றே மரியாதையாக அழைக்கின்றனர்.

இத்தாள் நிரம்பப் பத்து நிமிடம் ஆகின்றது. எஞ்சிய முற்பகல் முழுவதும் ஆட்டம். தண்ணிமுறிப்புக் குளத்தின் அடியில் ஓர் அரக்கன் உறங்குகின்றான் என்று நான் தொடங்கினேன்; அதன்பின் எனக்குப் பேச இடம் கிடைப்பதே அரிதாயிற்று. பாத்திரம் இறந்தால் என்ன செய்வது என்ற வினா எழுந்தபோது, விதியைப் பிள்ளைகளே வகுத்தனர். இறந்தான் என்று சொல்வதில்லை. ‘சலங்கை அவிழ்த்தான்’ என்பது வழக்கு. அவிழ்த்தவன் வேறோர் அரைத்தாளைக் கிழித்துக்கொண்டு, அடுத்த ஊர் எல்லையில் புது வரவு பாடி வந்து சேர்வான்.

இந்த ஏற்பாட்டைத் தொலைபேசியில் கேட்ட என் கனடா மாணாக்கர் மனம் ஒப்பவில்லை. “பாத்திரத்தைப் படைப்பதுதானே ஐயா பாதி இன்பம்? நான் ஒரு பாத்திரத்துக்கு மூன்று இரவு எழுதியிருக்கிறேன்” என்றார். அவர் கூற்றை நான் மறுக்கவில்லை. பத்தாண்டு ஆடியவருக்கு அது இன்பமே. எனக்கும் சேனாவரையம் இப்பொழுது இன்பம். 2014 ஆம் ஆண்டுப் பதிப்போடு வெளிவந்த தொடக்கப் பெட்டியிலே, அவர்கள் நாட்டாரே ஆயத்தமான பாத்திரங்கள் ஐந்தினைத் தாள்களில் நிரப்பி வைத்தனர் என்பதை அவருக்கு நினைவூட்டினேன். அது வேறு, இது வேறு என்றார். எவ்வாறு வேறு என்பது நேரம் போதாமையால் தீரவில்லை.

ஆயின் அவருடைய தடையில் ஒருபகுதி உண்மை. ஆயத்தமான பாத்திரத்தை முழுதாகக் கையில் திணித்தால், பிள்ளை அதனை இரவற் சட்டைபோல் அணிந்துகொண்டு அசையாமல் இருப்பான். ஏழு விதையை அவன் கையால் அவனே பகிர வேண்டும். பெயரை அவனே வைக்க வேண்டும். அவ்வளவு உரிமை முதல்நாளிலேயே வேண்டும், அதற்குமேல் வேண்டுவதில்லை. வெறுங்கோடுகளுள் முதலாவது பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் நிரம்புகின்றது. ‘நாய்க்குப் பயம்’ என்றும், ‘பரிகாரிக்கு ஒரு கடன் உண்டு’ என்றும், ஆட்டத்தில் நடந்தவற்றையே எழுதுகின்றனர். பணிக்கரின் தாளில் மூன்று கோடுகளும் இப்போது நிரம்பியுள்ளன. மூன்றும் யானையைப் பற்றியவை. 

இன்று ஆட வருவோர் பதினொருவர். ஆற்றங்கரைக்குச் சென்ற இருவரும் அவர்களுள் உளர். இப்போதுள்ள இடர் வேறு. பெயர் வைக்கும் உரிமையை அவர்களுக்கே விட்டபடியால், மூன்று பேர் ஒரே நாளில் தத்தம் வீரனுக்குப் பண்டாரவன்னியன் என்று பெயரிட்டுவிட்டனர். 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தவன் பெயரை விட்டுக்கொடுக்க மூவரும் இசைந்திலர். கூத்து வழக்கைச் சொல்லி, முன் பண்டாரவன்னியன், நடுப் பண்டாரவன்னியன், பின் பண்டாரவன்னியன் என்று பகுத்துக் கொடுத்திருக்கின்றேன். கற்சிலைமடுத் தோல்வி தன் தலையில் விழுமே என்று பின்னவன் முறுமுறுக்கின்றான். கோட்டை பிடிக்கும் பகுதி யாருக்கு என்பதில் முன்னவனும் நடுவனும் சென்ற சனிக்கிழமை தொடங்கிய வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.